காஸ்ஃபோர்த் கல் சிலுவை: போய்ப் பார்க்கலாமா, எப்படிப் பார்ப்பது?

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன்: 5க்கு நாலரை. அந்த அரை ஏன் போனது என்பதற்கும் காரணம் இருக்கிறது, வரும்.

இங்கிலாந்தின் வடமேற்கில், கம்பிரியாவின் கடலோரத்தை ஒட்டி காஸ்ஃபோர்த் என்று ஒரு கிராமம். ஊர் ஆலயத்துக்குப் புனித மரியாள் பெயர். அதன் கல்லறைத் தோட்டத்தில், சாய்ந்தும் சாயாமலும் நிற்கிற சாதாரணக் கல்லறைக் கற்களுக்கு நடுவே, ஒல்லியான சிவப்பு மணற்கல் தூண் ஒன்று எழுந்து நிற்கும். உச்சியில் சின்னதாக, வளையம் கோத்த சிலுவைத் தலை. உயரம் 4.4 மீட்டர், ஒரே கல். 10ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங்குகள் இந்தக் கரையில் குடியேறிய காலத்தில் செதுக்கியது. அன்றிலிருந்து மழையிலும் காற்றிலும் வெளியிலேயேதான் நிற்கிறது. டிக்கெட் கிடையாது, கம்பி வேலி கிடையாது, காவலாளியும் கிடையாது. வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் அதன் காலடி வரை போகலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் என் மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா பாளையங்கோட்டைக்காரி. ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவள், வேதாகம வசனம் நுனிநாக்கில் இருக்கும். கல்லைப் பார்த்ததும் அவள் சொன்னது: "ஏட்டி, இந்த ஒத்தக் கம்பத்தப் பாக்கவா இம்புட்டு தூரம் கூட்டிட்டு வந்த?"

நியாயமான கேள்விதான். தூரத்திலிருந்து பார்த்தால் இது கம்பம்தான். அழகுக்காகப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். இணையத்தில் சிலர் போட்டிருக்கிற "பெரிதாக ஒன்றும் இல்லை, படம் எடுத்துவிட்டு வந்தோம்" வகைக் கருத்துகளைப் பார்த்தால், அவர்கள் கல்லைச் சுற்றி ஒரு முறைகூட நடக்கவில்லை என்று தோன்றுகிறது. இது படிக்க வேண்டிய கல். கதை தெரியாமல் போனால் கோடும் குழியும்தான் தெரியும். அதனால் இந்த விமர்சனத்தில் பாதி, நீங்கள் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய கதைதான்.

தூணின் அமைப்பிலிருந்து ஆரம்பிப்போம். அடிப்பகுதி உருண்டை. மேலே போகப் போக நான்கு பக்கமும் சீவிச் சதுரமாகிறது. நம் ஊர்க் கோயில் தூண்களில் சதுரம் கீழே இருந்து, மேலே எட்டுப் பட்டையும் பதினாறு பட்டையுமாகப் போகும். இங்கே நேர்மாறு. உருண்டைப் பகுதியின் கீழ்ப்பாதி மொட்டையாக இருக்கிறது. அதற்கு மேலே, சதுரம் தொடங்கும் இடம் வரை, வளையத்தோடு வளையம் கோத்த ஒரு பின்னல் தூணைச் சுற்றி ஓடுகிறது. வைக்கிங் கலையில் இதற்குப் பொர்ரே பாணி என்று பெயர். சிலர் இதை மரப்பட்டை என்கிறார்கள்: தூண் முழுவதுமே வடநாட்டு, அதாவது ஸ்காண்டிநேவிய, புராணத்தின் உலக மரமான யக்ட்ரசில் என்பது அவர்கள் வாதம். எனக்கு அது கொஞ்சம் இழுத்துப் பிடித்த விளக்கமாகப் படுகிறது. ஆனால் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, உருண்டையான அடிமரத்திலிருந்து நான்கு முகமும் பிரிந்து எழுவது போலத்தான் இருந்தது. சரி, அவரவர் கண்.

இனி முகங்கள். நான்கில் கிழக்கையும் மேற்கையும் கட்டாயம் பாருங்கள். மற்ற இரண்டிலும் குதிரை வீரர்களும் விலங்குகளும் பின்னல்களுமாக நிறைய இருக்கின்றன. அவற்றுக்கு என்ன கதை என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நேரம் இருந்தால் பாருங்கள்.

கிழக்கு முகத்தின் கீழ்ப்பகுதியில், நம் தலைக்குச் சற்று மேலே, இயேசுவின் பாடுகள், அதாவது அவர் சிலுவையில் பட்ட துன்பம். செவ்வகச் சட்டம் ஒன்றுக்குள் கைகளை விரித்து நிற்கிற உருவம். அம்மா இதை உடனே கண்டுபிடித்துவிட்டாள். அதற்குக் கீழே ஈட்டியோடு இருக்கிறவனைப் பார்த்ததும், "விலாவுல குத்துன போர்ச்சேவகன்லா இவன்" என்றாள். சரியாகச் சொன்னாள். அவனுக்கு லாங்கினஸ் என்று மரபில் பெயர். அப்புறம் அவள் கேட்டதுதான் எனக்குத் தோன்றாமல் போன கேள்வி: "எல்லாஞ் சரி, சிலுவைய எங்க காணோம்?"

உண்மைதான். அந்தக் காட்சியில் சிலுவை மரமே இல்லை. சட்டத்தைக் கைகளால் பற்றியிருப்பது போல நிற்கிறார், அவ்வளவுதான். தொங்குகிறவர் மாதிரியும் இல்லை. ஜெயித்து நிற்கிறவர் மாதிரி இருக்கிறது. முழுக் கல்லுமே சிலுவையாக இருக்கும்போது தனியாக இன்னொன்று எதற்கு என்று சிற்பி நினைத்திருக்கலாம். இது என் ஊகம்தான்.

போர்ச்சேவகனுக்கு எதிரே ஒரு பெண் நிற்கிறாள். தரையில் புரளும் உடை, பின்னால் முடிந்து தொங்கவிட்ட சடை, கையில் கொம்புக் குவளை. மகதலேனா மரியாளாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. ஆனால் அந்த உடையும் சடையும் குவளையும் வடநாட்டுக் கற்களில், செத்துப்போன வீரனை வரவேற்கிற பெண்ணுக்கு உரியவை. சுவிசேஷக் காட்சிக்குள் வைக்கிங் வீட்டுப் பெண் ஒருத்தி வந்து நிற்கிறாள்.

இப்போது அப்படியே மறுபக்கம், மேற்கு முகத்துக்கு வாருங்கள். அதே உயரத்தில், ஏறக்குறைய முதுகோடு முதுகாக, இன்னொரு துன்பக் காட்சி. கைகால் கட்டிக் கிடக்கிற ஒருவன், அவன் பக்கத்தில் மண்டியிட்ட ஒரு பெண். இவளுக்கும் அதே சடை. கையில் கிண்ணம். அவன் லோக்கி, தேவர்களுக்குத் துரோகம் செய்தவன். பெற்ற மகனின் குடலாலேயே அவனைப் பாறையில் கட்டிப்போட்டு, தலைக்கு மேல் ஒரு பாம்பைத் தொங்கவிட்டார்கள். பாம்பின் வாயிலிருந்து விஷம் சொட்டுச் சொட்டாக விழும். மனைவி சிகின் பக்கத்திலேயே இருந்து அதைக் கிண்ணத்தில் ஏந்துவாள். கிண்ணம் நிறைந்து அவள் கொட்டப் போகிற நேரத்தில் விஷம் அவன் முகத்தில் விழும். அவன் துடிப்பான், பூமி அதிரும். நிலநடுக்கத்துக்கு அவர்கள் சொன்ன காரணம் இது.

இந்தக் கதையைச் சொன்னதும் என் மகன் முகம் மலர்ந்தது. படங்களில் பார்த்த லோக்கியை இப்படிக் கட்டிப்போட்டு அவன் பார்த்ததில்லை. ஆச்சிக்கு அவன் தமிழும் ஆங்கிலமும் கலந்து விளக்க, அவளுக்கு லோக்கி மேல் துளி இரக்கமும் வரவில்லை. "அந்தப் பொம்பளையப் பாரு, கை வலிக்காதா அவளுக்கு" என்று கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் இருக்கிற பகுதி ஒரு கை அகலம்கூட வராது. கல் தேய்ந்துவிட்டது, முகம் இல்லை. ஆனாலும் முழங்கால் மடிப்பும், கிண்ணத்தை நீட்டுகிற கையும், முதுகில் விழுகிற சடையும் தெளிவாக இருக்கின்றன. கிழக்கே ஒருத்தி குவளையோடு, மேற்கே ஒருத்தி கிண்ணத்தோடு. இரண்டு பேரையும் ஒரே சாயலில் செதுக்கிய கை எதையும் தற்செயலாகச் செய்திருக்காது என்பதுதான் என் கட்சி. அவிசுவாசிகளுடைய கதையும் கிறிஸ்தவக் கதையும் இந்தக் கல்லில் சண்டை போடவில்லை. புதிதாக விசுவாசத்துக்கு வந்த ஒரு கூட்டத்துக்கு, அவர்களுக்குத் தெரிந்த கதையை வைத்தே தெரியாத கதையைச் சொல்லியிருக்கிறார் அந்தச் சிற்பி. பாதி கிறிஸ்தவம், பாதி பழைய மதம், குழப்பத்தில் செய்தது என்று சிலர் எழுதுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கிழக்கு முகத்தில் பாடுகளுக்கு மேலே இன்னொரு உருவம். ஒரு மிருகத்தின் திறந்த வாயில் ஒரு காலை ஊன்றி, மேல்தாடையைக் கையால் பிடித்து நிற்கிறான். இவன் விதார், தேவர்களின் தலைவன் ஓடினின் மகன். உலகம் அழிகிற நாளில் ஃபென்ரிர் என்ற ஓநாய் ஓடினை விழுங்கிவிட, அதன் வாயைக் கிழித்துப் பழி வாங்குகிறவன். அவன் காலில் இருக்கிற தடித்த செருப்புக்கும் ஒரு கதை உண்டு: மக்கள் செருப்புத் தைக்கும்போது விரல் பக்கத்திலும் குதிகால் பக்கத்திலும் வெட்டி எறிகிற தோல் துண்டுகளைச் சேர்த்து அதைச் செய்தார்களாம். இந்தக் கதைகளை ஐஸ்லாந்தில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதி வைத்தது 13ஆம் நூற்றாண்டில். அதாவது, நாம் புத்தகத்தில் படிப்பதற்கு ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன்பே கம்பிரியாவில் ஒருவர் இதைக் கல்லில் சொல்லிவிட்டார். மேற்கு முகத்தில் லோக்கிக்கு மேலே கொம்பும் கையுமாக, வாய் பிளந்த மிருகங்களைத் தடுத்து நிற்பவன் தேவர்களின் காவலாளி ஹைம்டால் என்பார்கள்.

சரி, அந்த அரை மதிப்பெண். மேலே போகப் போகக் கண்ணுக்கு எட்டவில்லை. ஹைம்டாலைத் தாண்டிவிட்டால், கற்பாசி படர்ந்த மேடு பள்ளங்களுக்கு நடுவே கண்ணைச் சுருக்கிச் சுருக்கித் தேட வேண்டியிருக்கிறது. கழுத்து வலிக்கிறது. அந்தக் காலத்தில் இப்படி இருந்திருக்காது. இதுபோன்ற கற்களுக்கு வண்ணம் பூசுவார்கள், சில கற்களில் அதன் தடயம் கிடைத்திருக்கிறது. வண்ணத்தோடு இருந்திருந்தால் கீழே நின்றே உச்சி வரை படித்திருக்கலாம். இன்றைக்கு ஒரு சின்ன பைனாகுலர் இருந்தால் பிழைத்தீர்கள். நாங்கள் கொண்டு போகவில்லை. அங்கே இன்னொரு குடும்பம் பறவை பார்க்க வைத்திருந்ததை இரவல் வாங்கிப் பார்த்தோம்.

அதைவிட முக்கியம் வெளிச்சம். மேகம் மூடிய நாளில் இந்தக் கல் ஊமை. வெயில் நேரே அடித்தாலும் செதுக்கல் தட்டையாகிவிடும், பக்கவாட்டில் வருடிக்கொண்டு போகிற வெயில்தான் வேண்டும். சூரியன் தெற்கே நிற்கிற உச்சிவேளைதான் கிழக்கு, மேற்கு இரண்டு முகத்துக்கும் ஒரே சமயத்தில் அப்படிப்பட்ட வெயில் கிடைக்கிற நேரம். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பதால் அது 1 மணியைத் தாண்டி வரும். நாங்கள் போனபோது முதலில் மேகம், எதுவும் பிடிபடவில்லை. மேகம் விலகி வெயில் விழுந்ததும் சிகினின் கை அப்படியே புடைத்துக்கொண்டு வந்தது. அம்மா அவளைக் கண்டது அப்போதுதான். பிற்பகல் சுற்றுலா வேனில் வந்து இறங்கி, ஒரு டீ குடிக்கிற நேரத்தில் ஏறிப் போகிறவர்களுக்கு இது கிடைக்காது. ஏரி பார்க்கப் போகிற வழியில் பத்து நிமிஷம் இங்கே நிறுத்துகிற பயணத் திட்டங்களை எடுக்காதீர்கள்.

கல்லைத் தொடாதீர்கள், மேலே தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுக்காதீர்கள், சுண்ணக்கட்டியால் கோடு வரையாதீர்கள். மணற்கல் உதிரும்.

இது இத்தனை காலம் முழுசாக நிற்பதே அதிசயம். 1643இல் இங்கிலாந்து பாராளுமன்றம் ஆலயங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் இருக்கிற சிலுவைகளை இடிக்கச் சட்டம் போட்டது. நாட்டில் பல ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் இன்று படிக்கட்டும் மொட்டைக் கட்டையும்தான் மிச்சம். இந்த ஊரிலேயே இன்னொரு சிலுவையை வெட்டிச் சூரியக் கடிகாரத்துக்குக் கால் ஆக்கிவிட்டார்கள். அந்தக் கணக்கில் தலையோடு நிற்கிற இது பெரிய விஷயம்.

ஆலயத்துக்குள்ளும் கட்டாயம் போங்கள். வெளியே பார்த்துவிட்டு அப்படியே காருக்குப் போகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். சுவரில் பதித்த ஒரு சின்னக் கல்லில் படகும் அதில் இரண்டு பேரும். ஒருவன் இடியின் தேவன் தோர், கையில் சுத்தியல். மாட்டுத் தலையைத் தூண்டிலில் கோத்து, உலகத்தையே சுற்றிக் கிடக்கிற பாம்பைப் பிடிக்கப் பார்க்கிறான். கூட இருப்பவன் ஹைமிர் என்ற அரக்கன். அந்த மாட்டுத் தலையைக் கண்டுபிடிப்பது சிறுவர்களுக்கு நல்ல விளையாட்டு. பக்கத்தில் வீட்டுக் கூரை போல ஓடு வேய்ந்த உருவத்தில் இரண்டு கல்லறை மூடிகள். இவை 1890களில் ஆலயத்தைப் புதுப்பித்தபோது பழைய அஸ்திவாரத்துக்கு அடியில் கிடைத்தன. ஒன்றின் பக்கத்தில் படை வீரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். மழை படாததால் வெளியே இருப்பதைவிடச் செதுக்கல் கூர்மை.

உள்ளே சீன மணி ஒன்றும் இருக்கிறது. 1841இல் அபினிப் போரில் கான்டன் ஆற்றங்கரைக் கோட்டை ஒன்றிலிருந்து எடுத்து வந்தது. எடுத்து வந்தது என்று மரியாதையாகச் சொல்கிறேன். தோட்டத்தில் 1833இல் நட்டதாகச் சொல்லும் கார்க் மரத்தைப் பற்றியும் ஊரார் பெருமையாகப் பேசுவார்கள், தெற்கு ஐரோப்பாவின் மரம் இவ்வளவு வடக்கே நிற்பது அபூர்வமாம். எனக்கு மரத்தில் பெரிய ஆர்வம் இல்லை.

போகும் வழி: கார் இருந்தால் சுலபம், ஏ595 சாலையிலிருந்து பக்கத்தில்தான். ரயிலில் வருகிறவர்கள் கம்பிரியக் கடற்கரைத் தடத்தில் சீஸ்கேல் நிலையத்தில் இறங்கி நாலைந்து கிலோமீட்டர் வர வேண்டும். நடக்கலாம், ஆனால் வயதானவர்களை நடக்க வைக்காதீர்கள், டாக்ஸியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்த ரயில் தடம் கடலை ஒட்டியே போவதால் பயணமே சுகமாக இருக்கும். வழியில் தெரிகிற செல்லாஃபீல்டு அணு வளாகம் கண்ணுக்கு உறுத்தும், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலை வேண்டாம், ஆராதனை நடக்கும். மேற்குக் கடற்கரை என்பதால் மழைக்கோட்டு எந்த மாதத்திலும் வேண்டும். கல்லறைத் தோட்டத்துப் புல் ஈரமாகவே இருக்கும். அம்மாவின் செருப்பு நனைந்து, திரும்பும் வழியெல்லாம் அதைப் பற்றித்தான் பேச்சு. போகும்போது காணிக்கைப் பெட்டியில் எதையாவது போடுங்கள், இலவசமாகக் காட்டுகிறவர்களுக்கு அதுதான் ஆதாரம்.

வாஸ்ட்வாட்டர் ஏரி பக்கத்தில்தான் இருக்கிறது, இங்கிலாந்திலேயே மிக ஆழமானது. சிலுவையைப் பார்த்த பிறகு போங்கள், அதற்கு முன் போனால் சாய்வு வெயில் கை நழுவிவிடும்.

கம்பிரியா வரை வர முடியாது என்றால்? லண்டனில் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் வார்ப்புக் கூடத்தில் இந்தச் சிலுவையின் முழு அளவு பிளாஸ்டர் வார்ப்பு இருக்கிறது, 1882இல் எடுத்தது. அதற்கும் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு பெய்த மழை எதுவும் அதில் படவில்லை என்பதால் சில இடங்களில் அசலைவிட விவரம் பிடிபடுகிறது. என் யோசனை, முடிந்தால் முதலில் அங்கே போய்க் கதைகளை இடம் பார்த்து வைத்துக்கொண்டு பிறகு காஸ்ஃபோர்த்துக்கு வாருங்கள். வார்ப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போதும் என்று இருந்துவிடவும் வேண்டாம். கூடத்தில் அதைச் சுற்றிப் பெரிது பெரிதாக வேறு வார்ப்புகள் நிற்பதால் இதன் ஒல்லியும் உயரமும் உறைக்காது. ரோமில் இருக்கிற மாபெரும் டிராஜன் தூணின் வார்ப்பே இரண்டு துண்டாக அங்கே நிற்கிறது, அதன் பக்கத்தில் எந்தக் கல் எடுபடும்?

கம்பிரியாவிலேயே வடக்கே ஆஸ்பாட்ரியா ஊர் ஆலயத்தில் 1887இல் செய்து நிறுத்திய கல் நகல் ஒன்றும் உண்டு. அங்கே போதகராக இருந்த வில்லியம் ஸ்லேட்டர் கால்வர்லி முயற்சியில் வந்தது. இந்தக் கல்லில் வடநாட்டுக் கதைகள் இருப்பதை அடையாளம் கண்டவர்களில் அவரும், காஸ்ஃபோர்த்தில் மருத்துவராக இருந்த சார்ல்ஸ் பார்க்கரும் முக்கியமானவர்கள். காரில் வருகிறவர்களுக்கு ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பது முடிகிற காரியம். அதற்கு நேரம் இல்லையென்றால், காஸ்ஃபோர்த்திலிருந்து சில மைல் தள்ளி இர்ட்டன் கிராம ஆலயத்தில் நிற்கிற 9ஆம் நூற்றாண்டுச் சிலுவைக்குப் போங்கள். அதில் ஆள் உருவமோ கதையோ கிடையாது, பின்னலும் கொடியும்தான். எங்களுக்கு அன்று அதற்கு நேரம் கிடைக்கவில்லை, செருப்பு காய வேண்டியிருந்தது.